அசோகமா, நெட்டிலிங்கமா? கன்று வாங்கும் முன் பிரித்துப் பார்ப்பது எப்படி

"அக்கா, அசோகா கன்று என்ன விலை?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் உடனே விலை சொல்வதில்லை. "காம்பவுண்டு ஓரமா வரிசையா வைக்கவா, பூவுக்காகவா?" என்று திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் முதலாவதற்குத்தான் தலையாட்டுவார்கள். அப்படியானால் அவர்களுக்கு வேண்டியது அசோகம் இல்லை, நெட்டிலிங்கம். பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், கல்யாண மண்டபம் எல்லாவற்றின் மதிலோரமும் நெட்டுக்குத்தலாக, கிளைகளைக் கீழே தொங்கவிட்டபடி நிற்கிறதே, அதுதான். ஊரே அதை அசோகா என்று கூப்பிடுகிறது. சண்டை போட்டுத் திருத்துகிற காரியம் இல்லை. ஆனால் பூஜைக்குப் பூ வேண்டும் என்று ஆசைப்பட்டு வீட்டு முற்றத்தில் நெட்டிலிங்கத்தை நட்டுவிட்டு, வருடக்கணக்காகச் சிவப்புப் பூவுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நர்சரி கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது. மாமியார் ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு கன்றும் வளர்க்கிறோம், ஒரே பந்தலின் இரண்டு ஓரங்களில்.

பெயரைத் தவிர இந்த இரண்டுக்கும் உறவே கிடையாது. அசோகம் அவரைக் குடும்பம். அதிலும் புளியமரம் இருக்கிற உட்குடும்பத்தைச் சேர்ந்தது. நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பம். முள்சீத்தாவும் மனோரஞ்சிதமும் அதன் பங்காளிகள். குடும்பத்தை எதற்காகச் சொல்கிறேன் என்றால், பார்க்க வேண்டிய அடையாளங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஒன்றில் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை, இன்னொன்றில் தனி இலை. ஒன்று நெற்றாகக் காய்க்கும், இன்னொன்று கொத்துக் கொத்தாகப் பழுக்கும்.

இலையில் ஆரம்பியுங்கள்

மரம் நெட்டையா குட்டையா என்று பார்த்து முடிவு பண்ணாதீர்கள். நெட்டிலிங்கத்திலேயே கிளை விரிந்து நிழல் தருகிற வகை உண்டு. பழைய பங்களாக்களிலும் ரயில்வே குவார்ட்டர்ஸ்களிலும் அதைப் பார்க்கலாம். உருவத்தை நம்பினால் அதையே நிஜ அசோகம் என்று நினைத்துக்கொள்வீர்கள். கன்றாக இருக்கும்போதோ உருவம் எதையுமே காட்டாது.

இலைதான் எந்த மாதத்திலும் கைக்கு எட்டுகிற அத்தாட்சி. ஆனால் அதிலும் கண்ணை ஏமாற்றுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. நெட்டிலிங்கத்தின் சிறு கிளையில் இலைகள் இடமும் வலமுமாக இரண்டே வரிசையில், தட்டையாக அமைந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சிறு கிளை முழுவதும் ஒரே கூட்டிலை மாதிரி தெரியும். அசோகத்தில் இருப்பதோ உண்மையான கூட்டிலை. ஒரு நடுக்காம்பு, அதன் இரு பக்கமும் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஜோடிச் சிற்றிலைகள். அப்போ பிரிப்பது எப்படி?

ஒரு கிளையைக் கையில் எடுத்து நுனியைப் பாருங்கள். அசோகத்தின் கூட்டிலை ஒரு ஜோடிச் சிற்றிலையோடு முடிந்துவிடும். நுனியில் ஒற்றை இலை கிடையாது, மொட்டும் கிடையாது. நெட்டிலிங்கத்தின் நுனியில் அடுத்த இலைக்கான குருத்து இருக்கும், ஏனென்றால் அது வளர்ந்துகொண்டிருக்கிற கிளை.

அடுத்தது, இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று பாருங்கள். அசோகத்தின் சிற்றிலைகள் ஏறக்குறைய நேருக்கு நேராக ஜோடி சேர்ந்து நிற்கும். நெட்டிலிங்கத்தில் இடப்பக்கம் ஒன்று, சற்று மேலே தள்ளி வலப்பக்கம் ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும்.

அதிலும் சந்தேகம் என்றால் கக்கத்தைப் பாருங்கள். இலைக்காம்பு சேரும் இடத்தில் ஒரு சின்ன மொட்டு இருந்தால் அது தனி இலை. சிற்றிலையின் கக்கத்தில் மொட்டு இருக்கவே இருக்காது. அசோகத்தில் அந்த மொட்டைக் காண, நடுக்காம்பு தண்டோடு சேரும் அடிவாரம் வரைக்கும் போக வேண்டும். தாவரவியல் படித்தவர்களுக்கு இது பாலபாடம். மற்றவர்களும் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்துவிட்டால் மறக்க மாட்டார்கள். வேம்பு, முருங்கை, புளி என்று வீட்டைச் சுற்றியிருக்கிற கூட்டிலை எதில் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம்.

இலை ஓரம் நான்காவது அடையாளம். நெட்டிலிங்க இலை நீண்டு, ஒடுங்கி, பளபளவென்று, ஓரம் அலை அலையாக இருக்கும். பந்தல் அலங்காரக்காரர்கள் அதற்காகத்தான் வெட்டிக்கொண்டு போகிறார்கள். அசோகத்தின் சிற்றிலை அதைவிட அகலம், ஓரம் ஏறக்குறைய நேர்.

சின்னக் கன்றில் கொஞ்சம் கவனம் வேண்டும். அசோகக் கன்றின் முதல் இலைகளில் ஒன்றிரண்டு ஜோடிச் சிற்றிலைகள் மட்டுமே இருக்கலாம். எண்ணிக்கையை வைத்து "இது அசோகம் இல்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நுனியையும் கக்கத்தையும் பார்த்தால் போதும்.

தளிர் விஷயத்தில் இரண்டுமே குழப்பும், இரண்டிலும் நிறம் வருவதால். நெட்டிலிங்கத் தளிர் செம்பு நிறத்தில், மினுக்கலாக, ஓரளவு விறைப்பாக இருக்கும். அசோகத் தளிர் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு கொத்தாக வந்து, பிழிந்து கொடியில் போட்ட துணி மாதிரித் துவண்டு தொங்கும். கொஞ்ச நாள் கழித்துத்தான் பச்சையேறி நிமிரும். புதிதாக வாங்கிப் போனவர்கள் "கன்று வாடிப்போச்சு" என்று போன் பண்ணுவது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். வாடவில்லை, தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுகவிடாதீர்கள் என்று சொல்லி வைப்பேன். சங்கப் பாடல்களில் செயலை, பிண்டி என்றெல்லாம் வருவது இந்த மரம்தான். செயலைத் தழையைப் பெண்கள் ஆடையாகக் கட்டிக்கொண்டதாகப் பாட்டு இருக்கிறது. அந்தத் தளிரைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

பூவும் காயும்

பூத்திருக்கும்போது யாரும் ஏமாற வழியில்லை. அசோகம் தை கடைசியில் தொடங்கி மாசி, பங்குனியில் நன்றாகப் பூக்கும். கிளை நுனியில் மட்டும் இல்லை, பழைய கிளைகளிலும் சில மரங்களில் அடிமரத்திலுமே கொத்துக் கொத்தாக வெடிக்கும். புதிதாகத் திறந்த பூ மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். நாள் ஆக ஆகச் சிவக்கும். அதனால் ஒரே கொத்தில் மூன்று நிறமும் தெரியும். இதழ் என்று நாம் நினைப்பது உண்மையில் இதழே இல்லை, பூவின் வெளிவட்டமான புல்லிதான் நிறமேறி நான்கு மடலாக விரிகிறது. அதற்கு வெளியே ஏழெட்டு மகரந்தத்தாள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மணம் இரவில் தூக்கலாக இருக்கும். வங்காளத்தில் அசோக சஷ்டி அன்று பெண்கள் இதன் மொட்டை விழுங்கி விரதம் இருக்கிற வழக்கம் உண்டு.

நெட்டிலிங்கமும் ஏறக்குறைய பங்குனி, சித்திரையில்தான் பூக்கும். ஆனால் பலருக்கு அது பூப்பதே தெரியாது. பூ வெளிர்ப்பச்சை. ஒல்லியான ஆறு இதழ், மூன்று மூன்றாக இரண்டு அடுக்கில், ஓரம் நெளிந்து நட்சத்திரமாக இருக்கும். இலையோடு இலையாகக் கலந்துவிடும். சீத்தாப்பழக் குடும்பத்தில் பூவைப் பார்த்தால் மூன்றின் கணக்கு தெரியும். மனோரஞ்சிதப் பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

காயில் வித்தியாசம் இன்னும் வெளிப்படை. அசோகத்தில் தட்டையான, தோல் தடித்த நெற்று வரும். அவரைக் குடும்பம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முற்றினால் கறுத்து வெடிக்கும், உள்ளே பெரிய விதைகள் இருக்கும். நெட்டிலிங்கத்தில் ஒரே பூவிலிருந்து முட்டை வடிவச் சிறு பழங்கள் கொத்தாகத் தொங்கும். பச்சையாக இருந்து கருநீலமாக மாறும். ஒரு பழத்துக்கு ஒரு விதை. விதையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே சதை வரி வரியாக மடிந்திருக்கும். சீத்தாப்பழ விதையை வெட்டினாலும் அதே வரிகள்தான். மாமியார் இதைச் செய்து காட்டித்தான் எனக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்று நம்பவைத்தார்.

பட்டை பற்றி ஒரு எச்சரிக்கை

ஆயுர்வேதத்தில் அசோகாரிஷ்டம் என்ற மருந்துக்கு எடுப்பது நிஜ அசோகத்தின் பட்டையை. அந்தப் பட்டைக்குப் பதிலாக நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது மருந்துச் சரக்கு வியாபாரத்தில் நெடுநாள் தொல்லை. உயிரோடு நிற்கிற மரத்தில் இலையைப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். காய்ந்த துண்டாகவோ பொடியாகவோ வந்துவிட்டால் நுண்ணோக்கியும் வேதிச் சோதனையும் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. "வீட்டு வாசலில் அசோகா இருக்கு, பட்டையை உரித்துக் கஷாயம் வைக்கலாமா" என்று கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். மரம் எதுவாக இருந்தாலும் வேண்டாம், வைத்தியரைப் பாருங்கள். அடிமரத்தில் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரமும் செத்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் இயல்பாக வளர்கிற அசோகம் குறைந்து போனதற்குப் பட்டை உரிப்பும் ஒரு காரணம். 1998-இலேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எதை எங்கே வைப்பது

இரண்டில் எது நல்ல மரம் என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் இடத்தைச் சொல்லுங்கள், எதை வைக்கலாம் என்று சொல்கிறேன்.

முழு வெயில், குறைந்த அகலம், பக்கத்து மாடியிலிருந்து பார்வை விழாமல் மறைப்பு வேண்டும் என்றால் நெட்டைவகை நெட்டிலிங்கம். வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும், ரோட்டுப் புழுதியையும் புகையையும் தாங்கும். மறைப்புச் சுவராக வேண்டுமானால் ஆறடிக்கு ஒன்று போதும். நெருக்கி நட்டால் நடுவில் இருப்பவை ஒல்லியாகிவிடும். அடிக்கிளைகளைத் தொடாதீர்கள். அவற்றை வெட்டிவிட்டு அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வைத்த நோக்கமே போய்விடுகிறது. கரண்டு கம்பிக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். நாற்பது அடிக்கு மேல் போகிற மரம் அது. மின்வாரியத்துக்காரர்கள் தலையை வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டிய பிறகு அந்த உருவம் திரும்பாது.

அதனிடம் நிழலை எதிர்பார்க்காதீர்கள். வரிசையாக வைத்தால் ஹாரன் சத்தம் குறையும் என்பதும் பரவலான நம்பிக்கை. ஒற்றை வரிசை மரம் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது; அதற்கு ஆழமான தோப்பு வேண்டும். ரோடு கண்ணுக்குத் தெரியாததால் சத்தம் குறைந்த மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். நிழலே வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் விரிந்து வளர்கிற நெட்டிலிங்கம் அருமையான மரம். மரத்துக்கு மரம் இருபது அடியாவது விடுங்கள்.

பழக்காலத்தில் குயில்கள் வந்து பழத்தை முழுசாக விழுங்கும், இரவில் வௌவால் வரும். எனக்கு அது சந்தோஷம்தான். கார் நிறுத்துகிற இடத்துக்கு மேல் இந்த மரம் நின்றால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்காது. இன்னொன்று, கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளி போட்ட, ஒரு இடத்தில் உட்காராமல் படபடக்கிற வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் புழு நெட்டிலிங்கத் தளிரையும் சீத்தா இலையையும் தின்னும். தளிரில் ஓட்டை தெரிகிறதே என்று மருந்து அடிக்காதீர்கள். மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

அசோகத்தின் குணமே வேறு. ஓடையோரத்தில் பெரிய மரங்களின் நிழலுக்கு அடியில் வளர்ந்து பழகிய மரம். ஈரமும் வேண்டும், வடிகாலும் வேண்டும். சின்ன வயதில் அரைநிழல் வேண்டும். வீட்டுக்குக் கிழக்குப் பக்கமோ, பெரிய மாமரத்துக்கோ தென்னைக்கோ பக்கத்திலோ வைத்தால் நன்றாக வரும். மேற்கு வெயில் முழுசாக அடிக்கிற மொட்டை இடத்திலும், வறண்ட காற்று வீசுகிற இடத்திலும் இலை ஓரம் கருகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் அப்படித்தான். எங்கள் டெல்டாப் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் களிமண்ணில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கும். அதனால் மேட்டுப்பாத்தி போட்டுத்தான் நடச் சொல்வேன். மரம் மெதுவாகத்தான் வளரும். இருபது, முப்பது அடியோடு நின்றுவிடும், அகலத்துக்குப் பதினைந்து அடி விட்டால் போதும். பூவுக்குப் பல வருடம் பொறுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்குச் செம்பருத்தியோ விருட்சியோ கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

பழைய கிளைகளில் பூக்கிற மரம் என்பதை நினைவில் வையுங்கள். அழகுக்காக வருடா வருடம் கத்தரித்தால் பூ வரவேண்டிய இடத்தையே வெட்டுகிறீர்கள். காய்ந்த குச்சியை எடுங்கள், அதற்கு மேல் கத்தரி வேண்டாம்.

கன்று வாங்கும்போது

நர்சரிக்காரர் பெயர்ப்பலகையில் அசோகா என்றுதான் எழுதியிருப்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை, கேட்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். தாவரப் பெயரைக் கேளுங்கள். நிஜ அசோகம் சராகா அசோகா. பழைய புத்தகங்களிலும் சில பலகைகளிலும் சராகா இண்டிகா என்று இருக்கும், நம் ஊரில் பெரும்பாலும் இதே மரத்தைத்தான் சொல்கிறார்கள். தாவரவியலாளர் ராக்ஸ்பரோ இதற்கு ஜோனேசியா அசோகா என்று கல்கத்தா நீதிபதி வில்லியம் ஜோன்ஸின் பெயரைச் சூட்டியிருந்தார். அந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை. நெட்டிலிங்கம் பாலியால்தியா லாங்கிஃபோலியா. 2012-இல் அதை மோனூன் லாங்கிஃபோலியம் என்று மாற்றிவிட்டார்கள், நர்சரிகளில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது.

மலேயா பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் அசோகம் ஒன்றும் விற்பனையில் இருக்கிறது. அதுவும் சராகாதான், கூட்டிலைதான். ஆனால் இலை நிஜ அசோகத்தைவிட நன்றாகவே பெரிது, பூ மஞ்சளாக வரும். அலங்காரத்துக்கு நல்ல மரம். மருந்துத் தோட்டத்துக்கென்று வாங்குபவர்கள் மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நெட்டிலிங்கக் கன்றில் நெட்டைவகையா விரிவகையா என்று பார்வையில் தெரியாது. விதை எந்த மரத்திலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் அந்தக் கன்றை எடுக்காதீர்கள். நான்கடி உயரக் கன்றைவிட, தண்டு தடித்த இரண்டடிக் கன்று மேல்.

விதையாகப் போட நினைத்தால் இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: புதிதாகப் போடுங்கள். அசோக விதையைக் காயவைத்து டப்பாவில் எடுத்துவைத்தால் முளைக்காது. நெற்று வெடித்ததும் பொறுக்கி, கிடையாகப் படுக்கவைத்து, விதை மறையும் அளவு மண் மூடி, நிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்டிலிங்கப் பழத்தின் தோலைக் கழுவி எடுத்துவிட்டு உடனே போடுங்கள். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. செத்துவிட்டது என்று பாத்தியைக் கிளறாதீர்கள்.

நடுவதற்கு எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசி சரியான காலம். இரண்டடிக் குழி எடுத்து, தோண்டிய மேல்மண்ணோடு மக்கிய தொழு உரத்தைக் கலந்து நிரப்புங்கள். வடகிழக்குப் பருவமழை வேர் பிடிக்க உதவும். அசோகத்துக்கு அடியில் காய்ந்த இலை, தென்னை மட்டை எதையாவது போட்டு மூடாக்கு வையுங்கள். முதல் கோடையிலும் அடுத்த கோடையிலும் மேற்குப் பக்கம் ஒரு பச்சை வலையோ தென்னங்கீற்றோ கட்டி மறைத்து, வாரம் இரண்டு தடவை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். நெட்டிலிங்கத்துக்கு முதல் கோடை மட்டும் கவனித்தால் போதும், அதற்கப்புறம் அது உங்களைத் தேடாது.